கரந்துவரல்: ‘தி பிரெஸ்டீஜ்’ திரைப்படமும் தமிழ்த் திரையின் இரட்டையரும்

கலைஞர் இருவர் ஓர் அவையில் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் வெல்ல முனைவது தமிழுக்குப் புதிய செய்தியன்று. திருவிளையாடற் புராணத்தில் பாணபத்திரருக்கு எதிராக ஏமநாதர் இசைவாதுக்கு வருகிறார். மதுரையில் திருஞானசம்பந்தரும் சமணரும் நிகழ்த்திய அனல்வாதத்தையும் புனல்வாதத்தையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) நாதசுவரத்தையும் சதங்கையையும் மோதவிட்டு, இறுதியில் மணம் முடித்துவைக்கிறது. இவற்றுள் எதிலும் வென்றவன் எவ்வாறு வென்றான் என்று எவரும் கேட்பதில்லை. புராணங்களில் வெற்றிக்குக் காரணம் அருள், திரைப்படத்தில் பயிற்சி. அருளுக்கும் பயிற்சிக்கும் மறைபொருள் தேவையில்லை.

மாயவித்தையின் நிலை வேறு. அங்கு மறைபொருளே தொழிலின் முதல். அது வெளிப்பட்ட அன்றே வித்தைக்காரன் வெறுங்கையன் ஆகிறான். ஆகவே வித்தைக்காரர் இருவருக்குள் பகை மூளும்போது, ‘யார் சிறந்தவர்’ என்ற வினாவைவிட ‘எவ்வாறு செய்தான்’ என்ற வினாவே அவர்களை அலைக்கழிக்கும். கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2006இல் வெளிவந்த ‘தி பிரெஸ்டீஜ்’ என்னும் திரைப்படம் இவ்வினாவை இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக இழுத்துச் செல்கிறது. கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1995இல் எழுதிய அதே பெயருடைய புதினமே இதன் மூலம். தமிழ்த்துறை ஆய்விதழில் ஆங்கிலத் திரைப்படத்திற்கு என்ன வேலை என வினவுவார் இருக்கலாம். இப்படத்தின் மறைபொருளாக இறுதியில் வெளிப்படுவது இரட்டையர். 1940 முதல் இரட்டை வேடத்தைக் கண்டு பழகிய தமிழ்ப் பார்வையாளரை, இரட்டையரைக் கொண்டே ஒரு படம் ஏமாற்றிவிட முடிகிறதென்றால், அது எவ்வாறு நிகழ்ந்தது என்று ஆராய்வது நம் கடமையாகிறது. கதையின் மறைபொருளை வெளிப்படுத்தாமல் இவ்வாய்வைச் செய்ய இயலாது. படத்தை இனிமேல் காண விரும்புவோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

‘பிரெஸ்டீஜ்’ என்னும் சொல் இன்று மதிப்பு, பெருமை என்னும் பொருளில் வழங்குகிறது. அதன் இலத்தீன் வேரோ வித்தைக்காரனின் ஏமாற்றையே குறித்தது. படத்தில் அச்சொல் வித்தையின் மூன்றாம் கூறுக்குப் பெயராகிறது. ஒரு பொருளைக் காட்டுதல், அதை மறைத்தல், மறைந்ததை மீட்டுத் தருதல் என்று அங்கு வித்தை மூன்றாக வகுக்கப்படுகிறது. காட்டல், மறைத்தல், மீட்டல் என நாம் கொள்ளலாம். மறைத்ததற்குக் கைதட்டல் இல்லை. மீட்டதற்கே கைதட்டல் என்பது படத்தின் அடிப்படைக் கருத்து. தமிழில் இத்தொழிலுக்குக் ‘கண்கட்டு வித்தை’ என்று பெயர். வித்தை நிகழுமிடம் வித்தைக்காரனின் கை அன்று, பார்ப்பவரின் கண் என்பதை இப்பெயர் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. இலத்தீனைவிடத் தமிழ் நேர்மையானது என்று கூற ஆசை எழுகிறது; அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் நிகழ்கிறது. ராபர்ட் ஏஞ்சியர், ஆல்ஃப்ரெட் போர்டன் என்னும் இளைஞர் இருவர் மூத்த வித்தைக்காரர் ஒருவரிடம் வேலை செய்கின்றனர். அவர்கள் வேலை பார்வையாளர் நடுவில் முன்பின் அறியாதவர்போல் அமர்ந்திருந்து, அழைத்தவுடன் மேடையேறி, ஒரு பெண்ணின் கை கால்களைக் கட்டுவது. கட்டுண்ட பெண் நீர்த்தொட்டிக்குள் இறக்கப்படுவாள், கட்டவிழ்த்து வெளிவருவாள். அவள் பெயர் ஜூலியா; ஏஞ்சியரின் மனைவி. ஒருநாள் முடிச்சு அவிழவில்லை. முடிச்சிட்டவன் போர்டன். எந்த முடிச்சை இட்டாய் என்று ஏஞ்சியர் பிணத்தருகில் நின்று கேட்கும்போது, தனக்குத் தெரியாது என்கிறான் போர்டன். முதன்முறை காண்பவருக்கு இது ஆணவமாகவோ கோழைத்தனமாகவோ தோன்றும். இரண்டாம் முறை காணும்போதுதான் அது உண்மையாக இருக்கக்கூடும் என்பது புலனாகிறது. போர்டன் என்பது ஒருவனல்லன். உருவொத்த உடன்பிறந்தார் இருவர் ஒரே பெயரையும் ஒரே வாழ்வையும் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். ஒருவன் போர்டனாக உலவும்போது மற்றவன் ஃபாலன் என்னும் பணியாளாக, ஒட்டுத்தாடியும் வாய்பேசாமையுமாய் நிழலில் நிற்கிறான். முடிச்சிட்டவன் ஒருவனும் விடை சொன்னவன் மற்றவனுமாக இருந்தால் ‘தெரியாது’ என்பதைவிட நேர்மையான விடை வேறில்லை.

இவ்வாறு உண்மையைச் சொல்லியே ஏமாற்றுவது இப்படத்தின் தலையாய உத்தி. கூண்டுப் பறவையை மறைத்து மீட்கும் காட்சியில், கூண்டு நசுங்கிப் பறவை இறக்க, வேறொரு பறவை காட்டப்படுகிறது. அரங்கில் எல்லோரும் மகிழ, ஒரு சிறுவன் மட்டும் அழுகிறான். இப்பறவையின் உடன்பிறப்பு எங்கே என்கிறான். படத்தின் முழு மறைபொருளும் அச்சிறுவனின் வினாவில் அடங்கியுள்ளது. ஆனால் சிறுவர் சொல்லை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை மாதவி ஆடிய அரங்கின் அமைப்பைக் கோலளவுடன் விளக்குவதைத் தமிழறிஞர் நன்கறிவர். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என அங்குத் திரைகள் மூன்று. முதலிரண்டும் ஒரு பக்கத்திலிருந்தோ இரு பக்கங்களிலிருந்தோ இழுக்கப்படுவன. மூன்றாவது மேலிருந்து தொங்குவது. வானில் இயங்குவோராகத் தோன்ற வேண்டிய பாத்திரங்கள் மறைந்து வருவதற்குரியது என்பது உரையாளர் தரும் விளக்கம். தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்ட செய்தியும் அங்கேயே உண்டு. ஆக, காண்போர் எதைக் காண வேண்டும், எதைக் காணக்கூடாது என்பதைத் திட்டமிட்ட மேடை நம்மிடம் இருந்தது. கரந்துவரல் என்னும் தொடர் இக்கட்டுரைக்குத் தலைப்பானது அதனால்தான். கரந்து வருவது ஒரு கலை. கரந்திருப்பவர் யார், எத்துணைக் காலம், யாருடைய செலவில் என்பவை அக்கலையை ஒட்டிய பிற வினாக்கள்.

அரங்க வித்தையைவிட ‘தி பிரெஸ்டீஜ்’ படத்திற்கு நெருக்கமான தமிழ் வழக்கு தெருவில் உள்ளது. மோடி வித்தை எனப்படுவது அது. ஒருவன் தரையில் வட்டமிட்டு, அதனுள் ஏதோ ஒன்றைப் புதைத்து, மந்திரக்கட்டுப் போட்டுவிட்டு, எடுக்க வல்லார் உண்டோ என்று அறைகூவுவான். இது மோடி வைத்தல். கூட்டத்திலிருந்தோ அயலூரிலிருந்தோ ஒருவன் முன்வந்து, மகுடி ஊதியும் மந்திரம் முணுமுணுத்தும் வட்டத்திற்குள் நுழைய முயல்வான், தூக்கி எறியப்பட்டவன்போல் விழுவான், வாயில் குருதி ஒழுகத் துடிப்பான், மீண்டும் எழுவான். இது மோடி எடுத்தல். வித்தைக்காரர் இருவரின் பகையே காட்சிப்பொருளாகும் கலை இது.

பெங்களூரில் 1809இல் படைவீடு அமைந்ததை ஒட்டித் தமிழர் பெருகிக் குடியேறிய பகுதிகளுள் அல்சூரும் ஒன்று. சோமேசுவரர் கோயிலை அடுத்த தெருக்களில் வாழும் முதியோர் சிலரிடம் இக்கட்டுரையாளர் உசாவியபோது, தம் இளமையில் கடைத்தெருவில் கண்ட மோடி ஆட்டத்தை அவர்கள் தெளிவாக நினைவுகூர்ந்தனர். தமிழும் கன்னடமும் தக்கினி உருதுவும் கலந்த வாய்ச்சவடால், இடுப்பில் சுருக்குப்பை, கூடையில் கீரி, வட்டத்தைத் தாண்டினால் இரத்தம் கக்குவாய் என்ற எச்சரிக்கை ஆகியன எல்லோருடைய நினைவிலும் இருந்தன. ஒருவர் மட்டும் வேறொரு செய்தியைச் சேர்த்தார். முந்தின நாள் மாலை ஒருவரையொருவர் கொன்றுவிடுவதுபோல் மோதிய அவ்விருவரும் மறுநாள் காலை ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து சில்லறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஆட்டம் தமக்கு முன்னைவிடப் பிடித்துப்போனது என்றும் கூறினார்.

அவர் கூற்றில் ஒரு திறனாய்வு நுட்பம் உள்ளது. மோடியில் பொருளைப் புதைப்பது வித்தையன்று. பகை இருப்பதாக நம்பவைப்பதே வித்தை. எதிரியாக நிற்பவன் பங்காளி. ‘தி பிரெஸ்டீஜ்’ இதனைத் தலைகீழாக்குகிறது. ஏஞ்சியரும் போர்டனும் பார்வையாளர் நடுவே வைக்கப்பட்ட பங்காளிகளாகத் தொடங்கி மெய்யான எதிரிகளாக முடிகின்றனர். தோட்டாவைக் கையால் பிடிக்கும் வித்தையில் மாறுவேடமிட்டு வரும் ஏஞ்சியர் மெய்யான தோட்டாவால் போர்டனின் விரல்கள் இரண்டைச் சிதைக்கிறான். போர்டன் பறவைக் கூண்டு வித்தையைக் கெடுத்துப் பார்வையாளர் ஒருவரின் கையை நசுங்கச் செய்கிறான். வாயில் ஒழுகியது குங்கும நீராக இல்லாமல் குருதியாகவே இருக்கும் மோடி இது.

இனி இரட்டையர். போர்டனின் புகழ்பெற்ற வித்தையில் அவன் ஒரு கதவுக்குள் நுழைந்து, அந்நொடியே மேடையின் மறுகோடியில் உள்ள கதவிலிருந்து வெளிவருகிறான். மேடைப் பொறிகளை அமைக்கும் கட்டர் கண்டவுடனே சொல்லிவிடுகிறார்: உருவொத்த இன்னொருவன் இருக்கிறான், அவ்வளவே. ஏஞ்சியர் அதை நம்ப மறுக்கிறான். அத்துணை எளிய விடையாக இருக்க முடியாது என்பது அவன் பிடிவாதம். நாமும் அவன் பக்கம் சாய்கிறோம். மறைபொருள் பெரிதாக இருக்க வேண்டும் என்னும் ஆசையே நம் கண்ணைக் கட்டுகிறது.

தமிழ்த் திரையில் இவ்வாறு நிகழ்வதில்லை. பி.யு. சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940), அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்த படம் (1958), எம்.ஜி.ஆர். நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) ஆகியவற்றில் இருவர் உள்ளனர் என்பதைப் பார்வையாளர் தொடக்கத்திலேயே அறிவர். அறியாதவர்கள் கதைமாந்தர். கோழையைத் தேடி வந்தவர்கள் வீரனிடம் அகப்பட்டு உதை வாங்கும்போது அரங்கில் எழும் ஆரவாரம், நாம் அறிந்ததை அவர்கள் அறியவில்லை என்பதிலிருந்து பிறப்பது. தமிழ்த் திரை பார்வையாளரை வித்தைக்காரனின் பக்கத்தில் நிறுத்துகிறது; நோலனின் படம் ஏமாறுவோர் வரிசையில் அமர்த்துகிறது. இரட்டையரைக் கண்டு பழகிய நாமும் ஏமாறுவதற்கு இதுவே காரணம் எனலாம். ஒரே முகமுடைய இருவர் வந்தால் அதை முதலில் நமக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம் பார்வைப் பழக்கத்தில் ஊறியுள்ளது.

இவ்விடத்தில் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) தனித்துக் கருதத்தக்கது. அலெக்சாந்தர் தூமாவின் கதையைத் தழுவிய அப்படத்தில் எம்.கே. ராதா இரட்டையராக நடித்தார். ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்ட அவ்விருவருள் ஒருவனுக்கு நேரும் வலி மற்றவனுக்கும் எங்கிருந்தாலும் நேர்கிறது. வலி மட்டுமன்று, ஒருவன் ஒரு பெண்ணை விரும்ப, மற்றவனுக்கும் அவ்வேட்கை தொற்றிக்கொள்கிறது. உடலால் பிரிந்தும் உணர்வால் பிரியாதவர்கள். ‘தி பிரெஸ்டீஜ்’ படத்தில் ஒருவனுடைய விரல்கள் தோட்டாவில் சிதைந்தபின் மற்றவன் என்ன செய்கிறான்? உளியும் சுத்தியலும் கொண்டு தன் நல்ல விரல்களை வெட்டிக்கொள்கிறான். இல்லையெனில் இருவரும் ஒருவராகத் தொடர முடியாது. ஜெமினியின் படத்தில் இயற்கை தானாகத் தந்த ஒருமையை, நோலனின் படத்தில் உளி கொண்டு செய்துகொள்ள வேண்டியுள்ளது. முன்னது அற்புதம், பின்னது உழைப்பு. பெண்ணைப் பொறுத்தவரை நிலை இன்னும் கொடிது. இங்கு வேட்கை தொற்றுவதில்லை. ஒருவன் சாராவை விரும்புகிறான், மற்றவன் ஒலிவியாவை. ஆனால் இருவரும் மாறி மாறிப் போர்டனாக வேண்டியிருப்பதால், விரும்பாதவன் விரும்பியவனாக நடிக்க வேண்டியுள்ளது.

சாராவுக்கு இது தெரியாது, ஆனால் தெரிகிறது. கணவன் அன்பு மொழி கூறும்போது இன்று உண்மை, இன்று பொய் என்று அவன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். ஆறிவந்த விரற்புண் மீண்டும் புதிதாகக் குருதி கசிவதைக் கண்டு திகைத்துக் கட்டுப் போடுகிறாள். படம் முழுவதிலும் கூர்ந்து பார்ப்பவள் அவள் ஒருத்தியே. அவள் பார்வைக்கு விடை கிடைக்காமற்போகவே தூக்கிட்டு இறக்கிறாள். ஏஞ்சியரின் பகைக்கு ஜூலியா தொடக்கம். போர்டனின் மறைபொருளுக்குச் சாரா விலை. கலைஞனின் ஈகம் என்று படம் போற்றுவதன் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள், மேடையில் தம் பெயர் அறிவிக்கப்படாத பெண்கள்.

இங்குதான் படத்தின் குறை இருப்பதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். பொதுவாக இப்படத்தின்மீது சாட்டப்படும் குற்றம் வேறு. ஏஞ்சியர் அமெரிக்காவில் கொலராடோவுக்குச் சென்று, அறிவியலறிஞர் நிகோலா டெஸ்லாவிடம் ஒரு பொறியைப் பெறுகிறான். அப்பொறி மனிதனை இடம்பெயர்ப்பதற்கு மாறாக அவனைப் போலவே இன்னொருவனைப் படைத்துவிடுகிறது. கைத்திறத்தால் ஆன வித்தையைப் பற்றிய கதையில் உண்மையான மாயம் புகுந்தது முறையன்று. புதிருக்கு ஆசிரியரே விதியை மீறி விடை எழுதிவிட்டார் என்பர். இது வலிவான வாதம் அன்று. பொறி எவ்வாறு இயங்குகிறது என்பது படத்தின் அக்கறையில் இல்லை. அதைக் கொண்டு ஏஞ்சியர் என்ன செய்கிறான் என்பதே அக்கறை. ஒவ்வோர் இரவும் மேடையில் மறைந்தவன் கீழறையிலுள்ள நீர்த்தொட்டியில் விழுந்து மூழ்கி இறக்கிறான். அரங்கின் பின்கோடியில் தோன்றியவன் கைதட்டல் பெறுகிறான். தொட்டியில் விழப்போவது தானா, தோன்றப்போவது தானா என்று அறியாமலே அவன் ஒவ்வோர் இரவும் மேடையேறுகிறான். போர்டன் ஒரு வாழ்வை இருவராகப் பங்கிட்டான். ஏஞ்சியர் ஒரு கைதட்டலுக்காகத் தன்னையே நாள்தோறும் கொல்கிறான். இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்தப் பொறி தேவைப்படுகிறது.

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஏமநாத பாகவதரை அடக்கும் பாடற்காட்சியைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. விறகு விற்பவராய் வந்த இறைவன் ஒருவரே பல உருவாகி, பாடியும் வீணை மீட்டியும் குழலூதியும் மத்தளம் வாசித்தும் காட்சியளிக்கிறார். ஓருரு பலவாதல் அங்கே தெய்வத்தின் விளையாட்டு. பலவானவை மீண்டும் ஒன்றில் ஒடுங்கும்போது மிச்சம் எதுவும் இல்லை. ஏஞ்சியரும் பலவாகிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிணம் மிஞ்சுகிறது. அதைக் கண்ணிழந்த பணியாளர்கள் சுமந்து சென்று அடுக்குகின்றனர். நம் மரபு மிச்சமின்றிச் சொல்லிய ஒன்றை மிச்சத்தோடு சொன்னது இப்படத்தின் வலிமை. சாராவின் மிச்சத்தை மட்டும் அது விரைந்து கடந்துவிடுகிறது. அவள் தொங்கும் காட்சி சில நொடிகளே. அடுத்த புதிர் நம்மை அழைத்துச் சென்றுவிடுகிறது. நீர்த்தொட்டிகளின் வரிசையை இறுதிக் காட்சியில் பொறுமையாகக் காட்டும் கண், அவள்பால் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

இன்னொரு மறைப்பும் உண்டு. அது படம் அறிந்து செய்ததா என்று கூற இயலவில்லை. இளைஞர் இருவரும் சுங் லிங் சூ என்னும் சீன வித்தைக்காரரைக் காணச் செல்கின்றனர். முதியவரான அவர் கால்களுக்கிடையே கனத்த மீன்தொட்டியை மறைத்து வைத்திருந்து, வெறும் துணிக்குள்ளிருந்து எடுப்பவர்போல் எடுக்கிறார். அதை மறைக்கவே மேடைக்கு வெளியிலும் வாழ்நாள் முழுவதும் தளர்நடை நடக்கிறார் என்று போர்டன் கண்டுகொள்கிறான். படத்தின் திறவுகோலாகிய காட்சி இது. வரலாற்றில் சுங் லிங் சூ சீனர் அல்லர். வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்னும் மெய்யான சீன வித்தைக்காரரின் உடை, பெயர், வித்தை அனைத்தையும் போலச்செய்தவர். இருவரும் 1905இல் இலண்டனில் அறைகூவிக்கொண்டனர். 1918இல் இலண்டன் மேடையில் தோட்டா பிடிக்கும் வித்தை பிழைத்து ராபின்சன் உயிரிழந்தார். அதுகாறும் மேடையில் ஆங்கிலம் பேசாதிருந்தவர் குண்டுபட்ட கணத்தில் ஆங்கிலத்தில் பேசியபோதுதான் அரங்கினர் திகைத்தனர். போலிகளையும் இரட்டையரையும் பற்றிய ஒரு படம் இந்தப் போலியை மெய்யான சீனராகவே காட்டிச் செல்கிறது. மறைக்கப்பட்டவர் சிங் லிங் ஃபூ.

கீழைநாட்டு வித்தைக்காரர் இவ்வாறு மறைக்கப்படுவது நமக்கும் அந்நியமான செய்தியன்று. ‘ராமோ சாமி’ என்று ஆங்கிலேயர் அழைத்த இந்திய வித்தைக்காரர் 1810களில் இலண்டனில் வாள் விழுங்கிப் புகழ்பெற்றார். 1850இல் அந்நகரிலேயே வறுமையில் மறைந்தார். பெயர் இராமசாமி என்பதன் சிதைவாக இருக்க வேண்டும். இந்திய வித்தைக்காரர்களின் கைத்திறத்தைக் கண்டு வியந்த வில்லியம் ஹாசுலிட் 1821இல் வெளியிட்ட கட்டுரை ஆங்கில உரைநடையின் புகழ்பெற்ற பக்கங்களுள் ஒன்று. சென்னையில் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேஷால் என்பவர் ஒரு கோலின்மீது கையை மட்டும் ஊன்றி அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். 1847இல் பாரிசில் ராபர் ஊதேன் தம் மகனை அதேபோல் அந்தரத்தில் நிறுத்தி, அதற்கு ஈதர் என்னும் மயக்க மருந்தின் ஆற்றலைக் காரணம் காட்டினார். ஏஞ்சியரும் போர்டனும் ஏறிய மேடைக்கு அடியில் சென்னை வித்தைக்காரரும் உள்ளனர் என்பது மிகைக்கூற்றாகாது.

தமிழ்த் திரைக்குத் திரும்புவோம். அட்லி இயக்கத்தில் 2017 தீபாவளிக்கு வெளிவந்த ‘மெர்சல்’ படத்தில் விஜய் ஏற்ற வேடங்களுள் ஒன்று மேடை வித்தைக்காரன் வெற்றி. மற்றொன்று ஐந்து ரூபாய் மருத்துவர் மாறன். காவல்துறை விசாரணையில் மருத்துவராக அமர்ந்திருந்தவன் வித்தைக்காரனே என்பது இடைவேளையில் வெளிப்படுகிறது. வித்தைக்காரனும் இரட்டையரும் ஒருங்கே வந்ததால் இதை நோலன் படத்தோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் உறவுமுறை வேறு. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் கலைஞன், அவன் செய்த குற்றத்திற்காக ஐயுறப்படும் உருவொத்தவன் என்னும் அமைப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்திலிருந்து நேர்வழியில் வருவது. ‘மெர்சல்’ படத்தில் வித்தை ஒரு படைக்கலன். பாரிசு மேடையில் கொலை செய்யவும் காவலிலிருந்து தப்பவும் அது பயன்படுகிறது. வெற்றிக்கு எதிரியான வித்தைக்காரன் இல்லை; அவன் மறைபொருளுக்காக எவரும் வாழ்வை இழக்கவில்லை. மருத்துவ வணிகத்தைக் கண்டிக்கும் படத்தில் அதற்கு இடமில்லை என்று அமைதி கூறலாம். ஆயினும் வித்தைக்காரனை மேடையேற்றிவிட்டு வித்தையின் விலையைக் கேட்காமல் விட்டது ஓர் இழப்பே.

1989ஆம் ஆண்டுப் படம் அவ்விலையைக் கதைக்குள் பேசவில்லை. கதைக்கு வெளியே பேசவைத்தது. கமல்ஹாசன் குள்ளனாக நடித்த அப்பு என்னும் சர்க்கசுக் கலைஞனைக் கண்டோர் கதையைவிட, ‘எப்படி’ என்ற வினாவையே வீட்டுக்குச் சுமந்து சென்றனர். பல ஆண்டுகள் அது மறைபொருளாகவே காக்கப்பட்டது. காலை மடக்கி முழங்காலில் காலணி பொருத்தியதும், தரையில் குழி தோண்டி முழங்கால் வரை இறங்கி நின்றதும், அமரும் காட்சிகளுக்குச் செயற்கைக் கால்கள் வைத்ததும் மெல்ல மெல்ல வெளிவந்த செய்திகள். படத்தின் வித்தைக்காரன் அப்பு அல்லன், நடிகர். தளர்நடை நடந்த அந்த மேடைச் சீனரைப்போல உடலை வருத்தி மறைபொருளைக் காத்தவர் அவர். தமிழ்ப் பார்வையாளர் இரட்டையரைப் பற்றி ‘எப்படி’ என்று கேட்பதை நெடுங்காலத்திற்கு முன்பே விட்டுவிட்டனர். குள்ளனைக் கண்டபோது மீண்டும் கேட்டனர். நம் திரையில் கண்கட்டு எப்போதும் படப்பிடிப்புத் தளத்தில்தான் நிகழ்ந்துள்ளது. கதைக்குள் எல்லாம் வெளிச்சம்.

தளத்தில் கரந்திருந்தவர் நடிகர் மட்டுமல்லர். ஒரே நடிகரை இருவராகக் காட்டப் படச்சுருளின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பின் மறுபாதியை எடுப்பது பழைய முறை. இருவரும் கட்டித் தழுவும்போதும் கைகலக்கும்போதும் அம்முறை போதாது. அங்கு நடிகரின் உயரமும் தோள் அகலமும் உடைய வேறொருவர் முதுகைக் காட்டி நிற்பார். ‘டூப்’ என்பது அவருக்கு வழங்கும் பெயர். ‘தி பிரெஸ்டீஜ்’ படத்தில் இவருக்கு நேரானவன் ரூட். வேலையற்ற குடிகார நடிகனாகிய அவன் முகவொற்றுமை ஒன்றினாலேயே ஏஞ்சியருக்குப் பதிலாக மேடையில் தோன்றிக் கைதட்டல் பெறுகிறான். ஏஞ்சியரோ மேடைப் பலகையின் கீழ் இருட்டில் நின்று, மேலே எழும் ஆரவாரத்திற்குத் தலை வணங்குகிறான். ரூட் சில வாரங்களில் தன் இன்றியமையாமையை உணர்ந்து விலை பேசத் தொடங்குகிறான். நம் படங்களில் அவ்வாறு விலை பேசிய முதுகு எதையும் நாம் கண்டதில்லை. பிரிந்த உடன்பிறந்தார் இறுதிக் காட்சியில் தழுவிக்கொள்ளும்போது நாம் அழுதது ஒரு முகத்தையும் ஒரு முதுகையும் பார்த்து. முகத்திற்கு உரியவர் பெயர் சுவரொட்டியில் இருந்தது. முதுகிற்கு உரியவர் பெயரைப் பழைய படங்களின் பெயர்ப்பட்டியலில் தேடினால் கிடைப்பது அரிது.